சாத்தாவும் சாத்தானும்: நம்பிக்கைக்கு நீங்களே பெயர் வைப்பது எப்படி

களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில், பஸ் நிற்கிற ஒரு முக்கில் எனக்கு டிடிபி கடை. பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். தமிழும் மலையாளமும் அடிப்பேன். கல்யாணக் கார்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கொடை விழா நோட்டீஸ், உபவாச ஜெப நோட்டீஸ், ரப்பர் ஷீட் கடைக்கு பில் புக் என்று எல்லாம் இந்த ஒரே கீபோர்டில்தான். அதனால் சாத்தான் என்கிற சொல்லை வாரத்துக்கு நாலு தடவையாவது அடித்துவிடுவேன். ‘சாத்தானின் கோட்டைகளைத் தகர்க்கும் மூன்று நாள் ஜெபம்’ என்பதெல்லாம் எங்கள் பக்கத்தில் சாதாரணத் தலைப்பு.

கை பழகிப்போனால் வினை வரும். ஒரு பங்குனி உத்திரத்துக்குப் பக்கத்து ஊர்ச் சாத்தா கோயில் நோட்டீஸ் வந்தது. ஐந்நூறு பிரதி, மஞ்சள் தாள், சிவப்பு மை. காய வைத்து, கட்டுக் கட்டிக் கையில் கொடுத்தபிறகு கமிட்டித் தலைவர் முதல் வரியைச் சத்தமாக வாசித்தார்: ‘அருள்மிகு தர்ம சாத்தான் திருக்கோயில்.’ ஒரே ஒரு ‘ன்’. ஜெப நோட்டீஸுக்குப் புரூப் பார்க்க உட்கார்ந்திருந்த ஊழியக்காரர் ஒருவர், சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். ஐந்நூறையும் என் செலவில் மறுபடி அடித்தேன். மஞ்சள் தாளின் பின்பக்கத்தில் இரண்டு வருடம் கணக்கு எழுதினேன்.

அப்படிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் இந்த விஷயமும் தொடங்கியது. எஞ்ஜினியரிங் படிக்கிற பையன் ஒருவன் போனை நீட்டினான். ஆட்டுத் தலை, பெண் மார்பு, சிறகு, கொம்புகளுக்கு நடுவில் தீப்பந்தம்.

“எக்கா, இத பைக்குக்கு ஸ்டிக்கரா அடிச்சுத் தருவியளா?”

“இது யாரு மக்களே?”

“சாத்தான். நான் இப்ப சாத்தான் வழியாக்கும்.”

“எந்தச் சாத்தான்?”

விழித்தான். ஸ்டிக்கரை அடிக்கவில்லை. அவனுக்காகவும், உண்மையைச் சொன்னால் என் ஆர்வத்துக்காகவும் ஆறேழு மாதம் தேடிப் படித்தேன். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். சாத்தான் வழியில் சேருவது எப்படி என்று சொல்லித்தர நான் ஆளில்லை. நான் அந்த வழியிலும் இல்லை. ஆனால் பிறந்த வீட்டு நம்பிக்கை சட்டை மாதிரி இறுக்கத் தொடங்கியவர்கள், அடுத்த பெயரைப் போட்டுக்கொள்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன.

எந்தச் சாத்தான் என்று கேளுங்கள்

முதலில் சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள். சாத்தன், சாத்தா என்பது நம்முடையது. சாஸ்தா, ஐயனார் எல்லாம் அந்தப் பக்கம். மணிமேகலை எழுதியவர் பெயரே சீத்தலைச் சாத்தனார். மலையாளக் கரையில் குட்டிச்சாத்தன் இருக்கிறான். அவன் கல்லெறிவான், குறும்பு செய்வான், திருச்சூர்ப் பக்கம் பெரிங்ஙோட்டுகரையில் கோயிலில் உட்கார்ந்து வழிபாடும் வாங்குவான். சாத்தான் வேறு. அது எபிரேயச் சொல். எதிர்த்து நிற்பவன், குற்றம் சாட்டுபவன் என்று பொருள். யோபுவின் புத்தகத்தில் அவன் கடவுளின் சபையிலேயே வந்து நின்று, ‘யோபு சும்மாவா உமக்குப் பயந்து நடக்கிறான்?’ என்று கேட்கிறான். கிட்டத்தட்ட ஒரு சர்க்கார் வக்கீல்.

லூசிஃபர் கதை இன்னும் வேடிக்கை. ஏசாயா 14ஆம் அதிகாரத்தில் பாபிலோன் ராஜாவைப் பார்த்துச் சொன்ன வரி அது. நம் தமிழ் வேதாகமத்தில் அங்கே லூசிஃபர் என்ற பெயரே கிடையாது, ‘அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே’ என்றுதான் இருக்கும். லத்தீனில் விடிவெள்ளிக்குச் சொன்ன சொல் லூசிஃபர். வெளிப்படுத்தலின் கடைசி அதிகாரத்தில் இயேசுவும் தன்னை விடிவெள்ளி என்கிறார். என் அப்பா சிஎஸ்ஐ சபையில் நாற்பது வருடம் உட்கார்ந்தவர். இதைச் சொன்னபோது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு இடத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டு, “சரிதான்” என்றார். அவ்வளவுதான்.

பையன் காட்டிய ஆட்டுத்தலைப் படம் பழைய வேதத்திலிருந்து வந்ததல்ல. 1850களில் எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சுக்காரர் வரைந்தது. பாதிரியாராகப் படித்துப் பாதியில் வந்தவர் அவர். அந்த உருவத்துக்குச் சொல்லப்படும் ‘பாஃபோமெட்’ என்ற பெயர், 1307இல் டெம்பிளர் என்ற கிறிஸ்தவத் துறவி வீரர்கள்மேல் போட்ட வழக்கில் அடிபட்டது.

இனி, சாத்தான் என்று தங்களுக்கே பெயர் சூட்டிக்கொண்டவர்கள். இவர்கள் ஒரு கூட்டமல்ல. ஆன்டன் லாவே என்பவர் 1966 ஏப்ரல் 30 அன்று சான் பிரான்சிஸ்கோவில் சாத்தான் சபையைத் தொடங்கினார். 1969இல் அதற்கொரு புத்தகம் போட்டார். அவர்களுக்குச் சாத்தான் என்று ஓர் ஆள் இல்லை, கடவுளும் இல்லை. சாத்தான் என்பது மனித ஆசைக்கும் அகங்காரத்துக்கும் வைத்த அடையாளம். சர்க்கஸில் சிங்கம் பழக்கினேன் என்றெல்லாம் லாவே சொல்லிக்கொண்டார்; அவர் வாழ்க்கைக் கதையில் பல இடம் பிறகு ஓட்டை என்று தெரிந்தது. எனக்கு அந்த மனுஷரைப் பிடிக்கவில்லை. பலசாலி ஜெயிக்கட்டும் என்கிற பேச்சு, ரப்பர் பால் வெட்டி வளர்ந்த வீட்டில் எடுபடாது. ஆனால் அவருடைய விதிகளில் இரண்டைக் குறித்துவைத்தேன்: சிறு குழந்தைகளுக்குத் தீங்கு செய்யாதே, உன்னைத் தாக்கினாலோ உணவுக்கோ தவிர விலங்கைக் கொல்லாதே. எங்கள் ஊர்த் தெய்வம் மாடனுக்குக் கிடா வெட்டு உண்டு. லாவேயின் சாத்தானுக்கு ஒரு கோழிகூடக் கிடையாது.

1975இல் மைக்கேல் அக்வினோ என்பவர் பிரிந்துபோய், எகிப்தியத் தெய்வமான செத் பெயரில் தனிக் கோயில் வைத்தார். அவர்களுக்கு அது உண்மையிலேயே இருக்கிற ஒரு சக்தி. 2013 வாக்கில் வெளியே தெரியவந்த சாத்தானிக் டெம்பிள் வேறு வகை. சேலம் என்ற ஊரில் தலைமையிடம் (நம் மாம்பழச் சேலம் இல்லை, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ்). கருணையும் பகுத்தறிவும், தன் உடல்மேல் தனக்கே உரிமை, அறிவியலோடு ஒத்துப்போகிற நம்பிக்கை என்று ஏழு கொள்கை வைத்திருக்கிறார்கள். 2019இல் அமெரிக்க வருமானவரித் துறை அவர்களை ஒரு சபையாக ஏற்றுக்கொண்டது. லாவே ஆட்கள் இவர்களைச் சாத்தானியர் என்றே ஒத்துக்கொள்வதில்லை. எங்கள் ஊரில் ஒரே ரோட்டில் நாலு சபை இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பெயரை யார் வைத்தார்கள் என்று பாருங்கள்

என் அம்மா வீடு மாடன் கும்பிடுகிற வீடு. ஆச்சி செவ்வாயும் வெள்ளியும் இசக்கிக்கு விளக்கு வைப்பாள். அப்பா வீட்டில் அதற்குப் பெயர் பேய். இந்தப் பெயரிடுதலுக்கு வயது அதிகம். திராவிட மொழிகளை ஒப்பிட்டு 1856இல் இலக்கணம் எழுதிய அதே கால்டுவெல், அதற்கு ஏழு வருடம் முன்னால் திருநெல்வேலிச் சீமை மக்களைப் பற்றி எழுதியதில் மாடன், அம்மன் வழிபாட்டையெல்லாம் பேய் வழிபாடு என்றுதான் பதிந்தார். அந்த நூலுக்கு இங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஈராக்கில் யசீதிகள் என்று ஒரு மக்கள். அவர்களுடைய வானவரின் உருவம் மயில். அண்டை வீட்டார் அதைச் சாத்தான் என்றார்கள். 2014இல் சிஞ்சார் மலையடிவாரத்தில் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றவர்களும் அதைச் சொல்லியே கொன்றார்கள்.

ஆகவே, ‘நான் சாத்தான் பக்கம்’ என்று சொல்லத் தோன்றினால், முதலில் உங்கள் ஆச்சியிடம் போய் உட்காருங்கள். குலதெய்வம் எது, அதை யார் பேய் என்றார்கள், எப்போது விட்டோம், ஏன் விட்டோம் என்று கேளுங்கள். பையன் கேட்டான். அவனுடைய தாத்தாவின் அப்பா ஒரு மந்திரமூர்த்தி பீடத்துக்குப் பூசாரி. ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் வருடத்துக்கு ஒரு முறை ராத்திரியில் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வருவாராம். பாஃபோமெட்டைவிட இந்தக் கதை அவனை உலுக்கியது.

கோபத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் யார்மேல் கோபம் என்று எழுதுங்கள். வலது பக்கம் எதை நம்பவில்லை என்று. கலக்கக் கூடாது. பையனின் இடது பக்கம் ஒரே நாளில் நிறைந்தது: ஞாயிறு காலையில் எழுப்புவது, முடி வெட்டச் சொல்வது, ஜெபக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தலையில் கைவைத்து அவனுக்குள் இருக்கும் ஆவியைத் துரத்தியது. வலது பக்கம் பத்து நாள் கழித்து ஒன்றரை வரி வந்தது. தவறில்லை. இடது பக்கத்தில் இருக்கிறதற்கெல்லாம் மதம் மாற வேண்டியதில்லை. சிலதற்கு அம்மாவிடம் பேச வேண்டும், சிலதற்கு வேறு வீடு பார்த்துப் போகிற வயது வர வேண்டும். தலையில் கைவைத்து நாலு பேர் பிடித்து உலுக்கியதுதான் பெரிய விஷயம். அதைச் சாத்தான் சரிசெய்ய மாட்டான். தூக்கம் போய், சாகலாம் என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் போடுங்கள். பணம் கேட்க மாட்டார்கள், தமிழில் பேசுவார்கள்.

எல்லோரையும் கேளுங்கள்

இதற்கு வழி அந்தச் சாத்தனாரே காட்டியிருக்கிறார். மணிமேகலை சேரர் வஞ்சிக்குப் போய், வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர் (சமணர்), சாங்கியர், பூதவாதி என்று வரிசையாகப் போய் ‘உங்கள் கொள்கை என்ன’ என்று கேட்கிறாள். இளம்பெண்ணாகப் போனால் சொல்ல மாட்டார்கள் என்று துறவி வேடம் போட்டுக்கொண்டு போகிறாள். கண்ணால் கண்டது மட்டுமே உண்மை என்கிற பூதவாதியிடம், அப்படியானால் உன் அம்மா அப்பாவை ஊகத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று சிரித்துக்கொண்டே கேட்கிறாள். எல்லோரையும் கேட்ட பிறகுதான் தன் வழி.

நீங்களும் அவரவர் வாயால் சொல்வதைக் கேளுங்கள். சாத்தானியரைப் பற்றி ரீல்ஸில் பார்க்காமல், அவர்கள் எழுதியதை வாசியுங்கள். போதகரைப் பற்றிக் கூட்டாளிகள் சொல்வதை விட்டு, போதகரிடமே ஒரு சாயங்காலம் போங்கள். ஊரில் நல்ல போதகரும் இருக்கிறார். கேள்வி கேட்டால் சாயா வாங்கிக்கொடுப்பார். அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற பதி ஒன்றுக்கும் போய் வாருங்கள். அங்கே விக்கிரகம் கிடையாது, கண்ணாடி இருக்கும். முன்னால் நின்றால் தெரிகிறது நீங்கள்தான். அந்த வழியைத் தொடங்கிய, 1809இல் பிறந்த வைகுண்டரைத் திருவிதாங்கூர் அரசு சிறையில் போட்டது. தலை நிமிரக் கூடாது என்று சட்டம் போட்ட காலத்தில், தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து கும்பிடச் சொன்னவர். (இதைச் சாத்தானோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தன்னை மதிக்கிற வழிபாட்டைத் தேடி சான் பிரான்சிஸ்கோ வரை போவதற்கு முன், வைகுண்டரின் தலைமைப் பதி இருக்கிற சாமிதோப்பு வரை பஸ் இருக்கிறது என்கிறேன்.)

ஒரு பக்கம் எழுதுங்கள்

நாலைந்து மாதம் போகட்டும். அப்புறம் ஒரே ஒரு பக்கம். ‘நான் கிறிஸ்தவன்’, ‘நான் நாத்திகன்’, ‘நான் சாத்தானியன்’ என்று தொடங்கக் கூடாது. நான் செய்வது, நான் செய்யாதது, எனக்குத் தெரியாதது. இந்த மூன்றும்தான்.

ஒவ்வொரு வரியையும் நடந்த சம்பவம் ஒன்றின்மேல் வைத்துப் பாருங்கள். பையன் லாவேயிடமிருந்து ஒன்றை எடுத்து முதல் வரியாக வைத்திருந்தான்: தகுதியுள்ளவருக்கே அன்பு, நன்றிகெட்டவர்மேல் அதை வீணாக்க மாட்டேன். சரி, போன வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன். அவன் அம்மா விடியற்காலம் நாலு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு முந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவள். பால் எடுத்து, ஷீட் அடித்துப் போட்டுவிட்டு வந்து மரச்சீனி அவித்து வைத்திருக்கிறாள். இவன் மீன்கறி இல்லையென்று தட்டைத் தள்ளியிருக்கிறான். “அப்ப இதுல நன்றிகெட்டது யாரு மக்களே?” கொஞ்ச நேரம் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். வரி அடிபட்டது. சாத்தானிக் டெம்பிளின் ஏழில் ஒன்று தங்கியது: மனிதர் தவறு செய்கிறவர், தவறு செய்தால் திருத்தவும், உண்டான கேட்டைச் சரிக்கட்டவும் முயல வேண்டும். அது பைபிளிலும் இருக்கிறதே என்றான். இருந்தால் என்ன?

சடங்கு வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், வெட்கமில்லை. லாவே ஆட்களுக்குக் கறுப்பு அங்கியும் மணியும் மெழுகுதிரியும் உண்டு. மனதில் அடைத்துக் கிடப்பதைக் கொட்டித் தீர்க்கிற நாடகம் என்று அவர்களே சொல்கிறார்கள். உங்களுடையது விளக்கு வைப்பதாக இருக்கலாம், குளத்தில் முங்குவதாக இருக்கலாம். ரப்பர் ஷீட் காய்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் மட்டும் தீ வேண்டாம்.

வீட்டில் சொல்வது

அவசரப்படாதீர்கள். அடுத்தவர் சோற்றில் இருக்கிறவரை ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். சொல்லும் நாள் வந்தால் சாத்தான் என்ற சொல்லில் தொடங்க வேண்டாம். உங்கள் அம்மா காதில் அது 2022இல் பத்தனம்திட்டை எலந்தூரில் நடந்த நரபலியாகத்தான் விழும். அந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் பயம் என்ன செய்யும் என்பதையும் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1983இல் ஒரு மழலைப் பள்ளிமேல் சாத்தான் சடங்கு என்று வழக்கு எழுந்தது. 1990 வரை நடந்தும் ஒருவர்மேலும் குற்றம் நிரூபணமாகவில்லை. ஆர்கன்சாவில் மூன்று பையன்களைக் கொலைக் குற்றத்துக்காக உள்ளே போட்டார்கள். கறுப்புச் சட்டையும் மெட்டல் பாட்டும்கூடக் கோர்ட்டில் பேச்சாக வந்தன. 18 வருடம் கழித்து, 2011இல்தான் வெளியே வந்தார்கள்.

கிறிஸ்துமஸ் கேக்கைச் சாப்பிடுங்கள். கொடைக்குப் போய் வில்லுப்பாட்டு கேளுங்கள். சிலுவைமேல் ஆட்டுத்தலையை ஒட்டி ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள்; மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவதற்கு பாரதிய நியாய சம்ஹிதையில் 299ஆம் பிரிவு காத்திருக்கிறது.

பணம் கேட்கிறவர்களிடம் ஒதுங்குங்கள். இலுமினாட்டி என்கிற ரகசியக் கூட்டத்தில் சேர்த்துவிடுகிறேன், காரும் வீடும் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவன் திருடன். கொடுத்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். ஏதாவது ஒரு குரூப்பில் உன் கையைக் கீறிப் படம் அனுப்பு, பூனையைக் கொன்று வீடியோ போடு என்றால், அது எந்தச் சாத்தானின் பெயரில் வந்தாலும் போலீசுக்குப் போகிற விஷயம்.

விண்ணப்பப் பாரத்தில் ‘மதம்’ என்ற கட்டம்

என் கடையில் அதிகம் கேட்கிற கேள்வி இது. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. 2011 கணக்கெடுப்பில் சுமார் 28.7 லட்சம் பேர் மதத்தைக் குறிப்பிடவில்லை. 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவர் சாதியும் மதமும் இல்லை என்று தாசில்தாரிடம் சான்றிதழே வாங்கினார். ஆனால் உற்சாகத்தில் கட்டத்தை மாற்றிவிடாதீர்கள். பட்டியல் சாதிச் சலுகை இந்து, சீக்கியர், பௌத்தர் என்ற மூன்றோடு கட்டப்பட்டிருக்கிறது. படிப்பு, வேலை எல்லாம் அதில் மாட்டும். தெரிந்த வக்கீலைப் பார்த்துவிட்டு வாருங்கள். கல்யாணத்துக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, எந்த மதச் சடங்கும் தேவையில்லை. 30 நாள் முன்னறிவிப்பு ஒட்டுவார்கள், அந்த முப்பது நாளில் ஊரே வாசித்துவிடும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் யோசிக்காதது சாவு. கல்லறைத் தோட்டம் சபைக்குச் சொந்தம், சபையில் பெயர் இல்லையென்றால் குழி கிடைக்காது. அப்படி ஒருவருக்கு ராத்திரி பதினொன்றரைக்கு அஞ்சலி போஸ்டர் அடித்தேன். அடக்கம் எங்கே என்ற வரியைக் காலியாக விட்டு விடியும்வரை காத்திருந்தோம். கடைசியில் அண்ணன் வீட்டுத் தோப்பில் இடம் கிடைத்தது. உங்கள் பக்கத்தின் அடியில் இதையும் ஒரு வரி எழுதி, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

எழுதிய தாளில் தேதி போடுங்கள். லாவே சபையில் அவரவர் பிறந்தநாள்தான் பெரிய பண்டிகை. இந்த ஒன்றை மட்டும் நான் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன்: வருடா வருடம் பிறந்தநாளன்று அந்தத் தாளை எடுத்து வாசிப்பேன். எனக்கு ஆவணியில் வரும். என் பக்கத்தில் இப்போது ஆறு வரி இருக்கிறது, மூன்றாவது வரியில் எனக்கே சந்தேகம். பையனின் தாள் சித்திரையில் வந்தது, பென்டிரைவில். அடித்துக் கொடுத்தேன். தலைப்பு வைக்கவில்லையே என்று கேட்டதற்கு, “இப்ப வேண்டாம் எக்கா” என்றான்.